தையல் மெசினுக்கு எந்த ஒயில்? இறுகுது, கத்துது, துணியில கறை போடுது எண்டா என்ன செய்யிறது

கொழும்பில தையல் மெசின் வச்சிருக்கிற ஆக்கள் பழுது எண்டு சொல்லி வந்தா நான் கேக்கிற முதல் கேள்வி, மெசினுக்கு என்ன விடுறீங்க எண்டுதான். பாதிப்பேர் சமையலறையில இருக்கிறதைச் சொல்லுவினம், மற்றப் பாதிப்பேர் மகன்ட மோட்டர்சைக்கிளுக்கு வாங்கினதில மிச்சமானதைச் சொல்லுவினம், ஆராவது ஒராள்தான் தையல் மெசின் ஒயில் எண்டு சொல்லுவா, அதுவும் எங்க விடுறீங்க எண்டு கேட்டா மேல இருக்கிற ஓட்டை எல்லாத்துக்கும் எண்டுவா. பழுது எண்டு ஓட்டோவில ஏத்திக்கொண்டு வாறதில கனக்க மெசின் பழுதே இல்லை, பிழையான எண்ணெய், இல்லாட்டி சரியான எண்ணெயைப் பிழையான இடத்தில விட்டது. அதால கீழ ஒவ்வொரு குணத்தையும் தனித்தனியா எழுதியிருக்கிறன், உங்கட மெசின் என்ன செய்யுதோ அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கோ. ஆனா ஒயில் வாங்கிற பகுதியை மட்டும் எல்லாரும் வாசியுங்கோ.

எதைச் செய்ய முதலும் மோட்டர் மெசின் எண்டா பிளக்கைக் கழட்டுங்கோ. சுவிட்சை ஓஃப் பண்ணினா காணாது, கால் தெரியாம பெடல்ல பட்டா விரலுக்க ஊசி.

எதை வாங்கிறது

கடையில தையல் மெசின் ஒயில் எண்டு விக்கிறது மினரல் ஒயில், பெற்றோலியத்தில இருந்து நல்லாச் சுத்திகரிச்சு எடுக்கிறது, நிறம் இல்லை, மணமும் பெருசா இல்லை. ஒயில்ட தடிப்பை ஐஎஸ்ஓ விஜி எண்டு ஒரு இலக்கத்தால சொல்லுறவை, 40 பாகை செல்சியஸில அது எவ்வளவு இளக்கமா ஓடுது எண்டதுதான் அந்த அளவு, இலக்கம் குறையக் குறைய ஒயில் மெல்லிசு. கார்மென்ட் ஃபக்டறியில ஓடுற ஜூக்கி டிடிஎல்-8700 மாதிரி மெசினுக்கு விஜி 7, அது நல்ல மெல்லிசு. வீட்டு மெசினுக்கு விக்கிற சின்னப் போத்தல் ஒயில் பெரும்பாலும் 10க்கும் 22க்கும் இடையில இருக்கும். 20டபிள்யூ-50 எண்டு எழுதின வாகன ஒயில் அதே 40 பாகையில 150 பக்கம் போகும். இப்ப விளங்கும் ஏன் மோட்டர்சைக்கிள் ஒயில் விட்டவுடனே மெசின் சோம்பேறியாப் போகுது எண்டு. தையல் மெசின்ட தண்டுக்கும் அது ஓடுற துளைக்கும் இடையில இருக்கிற இடைவெளி மயிரிழையை விடக் குறைவு, அதுக்குள்ள தடிச்ச ஒயில் போகவே மாட்டுது, வாயில நிண்டு தூசியைத்தான் பிடிக்கும்.

புறக்கோட்டையில தையல் சாமான் விக்கிற கடைகளில சின்னப் போத்தலாவும் வாங்கலாம், லீட்டர் கணக்கிலயும் வாங்கலாம். லூசா ஊத்தித் தாறதை வாங்கினா ஒரு சோதனை செய்து பாருங்கோ: கண்ணாடித் துண்டில ஒரு சொட்டு விட்டு யன்னல் ஓரமா வெயில் படுற மாதிரி ஒரு கிழமை வையுங்கோ, பிறகு விரலால தொட்டுப் பாருங்கோ. வழுவழுப்பாவே இருந்தா சரி. விரலில இழுபட்டு ஒட்டிச்சுதெண்டா அதில ஏதோ தாவர எண்ணெய் கலந்திருக்கு, கதவுப் பிணைச்சலுக்கு வச்சுக்கொள்ளுங்கோ. மஞ்சளா இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

வெளிநாட்டில இருந்து ஆக்கள் வரேக்க சில வீட்டில துவக்கு எண்ணெய்ப் போத்தலும் வந்து சேருது, உலகத்தரமான சாமான், இதை விடலாமோ எண்டு கேக்கிறவை இருக்கினம். பழுதாகாது, ஆனா காசுக்குப் பிரயோசனம் இல்லை. செமி ஓட்டோமட்டிக் ரைஃபிள் மாதிரி சாமான் ஒவ்வொரு வெடிக்கும் கரியும் சூடும் அடிக்கிற இடத்தில ஓடுது, அதால அந்த எண்ணெய்களில கரியை இளக்கிற சேர்மானம், சூட்டில நிக்கிற சேர்மானம், கறள் தடுக்கிற சேர்மானம் எல்லாம் ஒண்டாப் போட்டிருப்பினம். தையல் மெசினுக்குக் கரி வாறேல்லை, அதின்ட எதிரி நூல்ப் பஞ்சு. அதோட கரியை இளக்கிற சேர்மானம் உங்கட மெசினுக்குள்ள இருபது வருசமா உறைஞ்சிருக்கிற கறுப்பையும் இளக்கிக் கொண்டுவந்து வெள்ளைத் துணியில விடும். ஆனா துவக்குக்காரர் சொல்லுற ஒரு விசயம் எங்களுக்கும் அப்படியே பொருந்தும்: சுத்திற இடத்துக்கு ஒயில், உரசி வழுக்கிற இடத்துக்கும் பல்சில்லுக்கும் கிறீஸ். தையல் மெசினில ஊசித்தண்டு மட்டும் விதிவிலக்கு, அது வழுக்கித்தான் ஓடுது ஆனா துணிக்கு நேர மேல நிக்கிறதால கிறீஸ் வச்சா சூட்டுக்கு இளகி இறங்கும்.

ஒயில் விடுறதுக்கு போத்தல்ட மூக்கை நம்பாதேங்கோ, அமத்தினா ஊத்துது. பாமசியில ஒரு சின்ன சிறிஞ்ச் வாங்குங்கோ, இன்சுலினுக்குக் குத்துற மெல்லிசான சாதி. அதால விட்டா ஒரு சொட்டு எண்டா ஒரு சொட்டுத்தான்.

கைச்சில்லு இறுக்கமா இருக்கு

இதுதான் கூட வாற முறைப்பாடு, இதிலதான் கூடப் பிழையும் விடுறவை, இறுக்கம் எண்டவுடனே ஒயிலை எடுத்து ஊத்துறது. முதல்ல பெல்ட்டைக் கழட்டுங்கோ. கழட்டிப்போட்டு மேல இருக்கிற கைச்சில்லை மட்டும் கையால உருட்டிப் பாருங்கோ, பிறகு கால்மிதி மெசின் எண்டா கீழ் சில்லைத் தனியா மிதிச்சுப் பாருங்கோ, மோட்டர் எண்டா மோட்டர்ட தண்டை விரலால சுத்திப் பாருங்கோ. மேல லேசா ஓடிக் கீழ இறுகுதெண்டா தலையில ஒரு பிழையும் இல்லை, நீங்க எவ்வளவு ஒயில் மேல விட்டாலும் வீண். கால்மிதியில இறுகிறது பெரும்பாலும் மிதிப்பலகை ரெண்டு பக்கமும் கொளுவியிருக்கிற கூர் முனையிலயும், மிதியையும் பெரிய சில்லையும் இணைக்கிற தடியின்ட மேல் முனையிலயும்தான், அங்க நூலும் தலைமயிரும் சுத்தியிருக்கும், வெட்டி எடுத்துப்போட்டுக் கொஞ்சம் கிறீஸ் வையுங்கோ, அங்க தடிச்ச வாகன ஒயில் விட்டாலும் பரவாயில்லை, துணி படாத இடம்தானே.

தலை இறுகுது எண்டா அடுத்த கேள்வி, எப்ப இறுகுது? வெள்ளவத்தையில ஒரு ஃப்ளாட்டில இருக்கிற அன்ரி ஒராள் சொன்னா, "தம்பி, பகல்ல தைச்சா ஒரு பிரச்சினையும் இல்லை, ராவில ரூமுக்குள்ள இருந்து தைச்சாத்தான் இந்த மெசினுக்கு மூட்டு வருத்தம் வருது." ராவில ஏசி போடுறனீங்களோ எண்டு கேட்டன், ஓம் எண்டா. அந்த மெசினுக்கு விட்டிருந்தது தேங்காயெண்ணெய். தேங்காயெண்ணெய் 24, 25 பாகையில உறையத் தொடங்கும், கொழும்பில பகல்ல 30 பாகையில தண்ணியா ஓடிக்கொண்டிருக்கிறது ஏசியில 22க்கு இறக்கினா தண்டுக்குள்ள வெள்ளையா இறுகிடும். சரி, அப்ப ஏசி இல்லாத வீட்டில விடலாமோ எண்டு கேப்பீங்க. தடிப்பு எண்டு பாத்தா தேங்காயெண்ணெய் மோசம் இல்லை, 40 பாகையில 27 அளவிலதான் நிக்கும், அதாலதான் விட்டவுடனே மெசின் நல்லா ஓடுது, சனமும் நம்புது. கஷ்டம் பிறகுதான் வருது, எங்கட ஈரப்பதத்தில அது மெல்ல மெல்லப் புளிச்சு அமிலமாகும், பித்தளைப் பாகங்களில பச்சை பூக்கும், பஞ்சோட சேந்து மெழுகு மாதிரி அப்பும். நல்லெண்ணெய் அதை விடப் பொல்லாதது, அது காத்துப் பட்டாக் காய்ஞ்சு வார்னிஷ் பூசின மாதிரி மண்ணிறமாப் பிடிக்கும், நகத்தால சுரண்டினாத்தான் வரும். பழைய மெசினுகளைத் திறந்தா நான் முதல் தேடுறது இந்த மண்ணிறத்தைத்தான்.

பிசின் பிடிச்ச மெசினைச் சுத்தம் செய்யிற முறை இதுதான். யன்னல் எல்லாம் திறந்து வையுங்கோ, அடுப்பு, ஊதுபத்தி, நுளம்புத்திரி ஒண்டும் கிட்ட இருக்கக் கூடாது. ஊசியைக் கழட்டுங்கோ, பொபின் கேஸை எடுங்கோ, ஊசிப்பக்கத்து மூடியைத் திறவுங்கோ, மெசினைப் பின்னுக்குச் சாய்ச்சு அடியில பழைய பேப்பர் விரியுங்கோ. சின்ன பிரஷ் ஒண்டால பஞ்சு எல்லாத்தையும் முதல்ல காய்ஞ்ச நிலையிலயே எடுங்கோ, இது முக்கியம், பஞ்சு இருக்கேக்க மண்ணெண்ணெய் விட்டா எல்லாம் சேறாகி உள்ளுக்குப் போகும். அதுக்குப் பிறகு பெற்றோல் செட்டில வாங்கின மண்ணெண்ணெய்யை சிறிஞ்சால ஒவ்வொரு ஒயில் ஓட்டைக்கும் ரெண்டு மூண்டு சொட்டு, ஊசித்தண்டு, நூல் இழுக்கிற கொக்கி, அடியில ஓடுற தண்டுகள்ட முனைகள், எல்லாத்துக்கும் விட்டு ஒரு மணித்தியாலம் அப்படியே விடுங்கோ. பிறகு கைச்சில்லை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுங்கோ, பலவந்தம் வேண்டாம், விடுற அளவுக்கு ஆட்டினாக் காணும். கறுப்பா, மண்ணிறமா ஒழுகி வரும், துடையுங்கோ, திரும்ப விடுங்கோ, சுத்தமா வரும் வரைக்கும் இப்படியே. அடியோட இறுகி அசையவே இல்லை எண்டா தலைமயிர் காய விடுற ட்ரையரால அந்த இடத்துக்குச் சூடு காட்டுங்கோ, ஆனா மண்ணெண்ணெய் விட முதல் காட்டுங்கோ, விட்ட பிறகு இல்லை, அதில விளையாடாதேங்கோ.

கனபேர் இதோட நிப்பாட்டிடுவினம், மெசின் நல்லா ஓடுது எண்டு சந்தோசப்பட்டு. மண்ணெண்ணெய் பிசினைக் கழுவும், வழுக்கலை வச்சுக்கொள்ளாது, காய்ஞ்சு போனாப் பிறகு இரும்போட இரும்பு நேராத் தேயும். அதால ஓடின கையோட எல்லா இடத்துக்கும் மெசின் ஒயில் ஒவ்வொரு சொட்டு விட்டு, ஊசியும் நூலும் இல்லாம கொஞ்ச நேரம் ஓட்டுங்கோ. அடுத்த நாளும் ஒருக்கா விட்டாத்தான் எனக்குத் திருப்தி.

டபிள்யூடி-40 எண்டு விக்கிற ஸ்ப்ரேயின்ட கதையும் இதேதான். அது 1953ல அமெரிக்காவில ஏவுகணையின்ட உலோகத் தோல் கறள் பிடிக்காம இருக்க, ஈரத்தை அகத்திறதுக்கெண்டு செய்த சாமான். அதில பெரும்பங்கு ஆவியாப் போற கரைப்பான், மிஞ்சுறது மெல்லிசா ஒரு படலம். இறுகின ஸ்க்ரூவை இளக்க, பிசினைக் கழுவ நல்ல சாமான், மண்ணெண்ணெய் மணம் பிடிக்காத ஆக்கள் அதுக்குப் பதிலா இதைப் பாவிக்கலாம். ஆனா இதையே ஒயில் எண்டு மாசாமாசம் அடிச்சா உள்ளுக்க இருந்த நல்ல ஒயிலையும் அதுவே கழுவிக்கொண்டு போயிடும், பிறகு "அடிச்சு ரெண்டு நாள் நல்லா ஓடுது, பிறகு திரும்பக் கத்துது" எண்டு முறைப்பாடு வரும்.

டக் டக் எண்டு அடிக்குது, கீச் எண்டு கத்துது

சத்தம் எங்க இருந்து வருது எண்டு கண்டுபிடிச்சா அரைவாசி முடிஞ்சுது. ஊசியைக் கழட்டிப்போட்டுக் கையால உருட்டிக் காதைக் கிட்ட வையுங்கோ. ஊசிக்குக் கீழ டக் டக் எண்டா ஷட்டில், அதுதான் பொபினைச் சுத்தி மேல் நூலைக் கொண்டுபோற பாகம். பழைய கறுப்பு மெசினில பொபின் கேஸை எடுத்த பிறகு ரெண்டு பக்கமும் இருக்கிற கொளுவியைத் தள்ளினா ஒரு வளையம் கழண்டு வரும், உள்ளுக்க பிறை வடிவத்தில ஒரு துண்டு இருக்கும், அதையும் எடுங்கோ. அது ஓடுற தடத்தைப் பாருங்கோ, பத்தில ஒன்பதுக்கு ஒரு நூல்த்துண்டு மடிஞ்சு நெரிபட்டுக் கிடக்கும், சில நேரம் உடைஞ்ச ஊசிமுனையும் இருக்கும். அதை ஊசியால நோண்டி எடுத்துத் துடைச்சு, அந்தத் தடத்தில ஒரே ஒரு சொட்டு ஒயிலை விரலால பூசிப்போட்டுத் திரும்பப் பூட்டுங்கோ. மெசின் முழுக்கலயும் அடிக்கடி ஒயில் வேணும் எண்டு கேக்கிற இடம் இது ஒண்டுதான், ஒவ்வொரு நாளும் தைக்கிற ஆக்கள் காலமை தொடங்கேக்க ஒரு சொட்டு விடுங்கோ, தீபாவளி, பள்ளிக்கூடம் தொடங்கிற சீசன் எண்டு நாள் முழுக்கத் தைக்கிறனீங்கள் எண்டா மத்தியானமும் ஒண்டு. மற்ற இடங்களுக்குக் கிழமைக்கு ஒருக்காக் காணும்.

மேல் பக்கத்தில கீச் எண்டு மெல்லிசாக் கத்தினா காய்ஞ்ச தண்டு, ஒயில் விட்டவுடனே நிண்டிடும். ஒயில் விட்டும் நிக்காட்டி நீங்க விட்ட ஓட்டை ஒயில் ஓட்டையோ எண்டு திரும்பப் பாருங்கோ, சில மெசினில பக்கத்தில இருக்கிற ஸ்க்ரூ ஓட்டைக்குள்ள விட்டுக்கொண்டிருப்பினம், இல்லாட்டி ஓட்டையின்ட வாய் பஞ்சால அடைச்சு விட்ட ஒயில் வெளியில வழியும். ஒரு பல்லுக்குத்தும் குச்சியால குத்தித் திறந்துபோட்டு விடுங்கோ.

துணியில எண்ணெய்க் கறை விழுது

வெள்ளை யூனிஃபோம் தைக்கிற ஆக்களுக்கு இது நெஞ்சு வலி. தையல் ஓரத்தோட வரிசையாப் புள்ளி விழுந்தா ஊசித்தண்டால இறங்குது. அடிப்பக்கத்தில மட்டும் விழுந்தா ஷட்டில் தெறிக்குது, இல்லாட்டி பல்லுக்குக் கீழ பஞ்சு ஒயிலில ஊறிப்போய் கட்டியா இருக்கு, துணியை ஒவ்வொரு தரமும் பல்லு தள்ளேக்க அந்தக் கட்டி தொட்டுத் தொட்டு விடுது. ஊசித் தட்டின்ட ரெண்டு ஸ்க்ரூவையும் கழட்டித் தட்டைத் தூக்கிப் பாருங்கோ, பல்லு ரெண்டுக்கும் நடுவில சாம்பல் நிறத்தில கம்பளித்துண்டு மாதிரி அமர்ந்திருக்கும், கத்தி முனையால கிளப்பினா அப்படியே தகடாக் கழண்டு வரும். அதை எடுத்தாலே கனபேருக்குக் கறை நிண்டிடும், ஒயிலைக் குறைக்கத் தேவையில்லை.

ஊசித்தண்டால வாறதுக்கு, தண்டை நல்லாத் துடைச்சு, ஊசி பூட்டுற இடத்துக்குக் கொஞ்சம் மேல மெல்லிய பருத்தி நாடா ஒரு சுத்து கட்டி விடுவினம் பழைய தையல்காரர், இறங்கிற ஒயிலை அது குடிக்கும். நல்ல வித்தைதான், ஆனா நாடாவை மாத்தாம மாசக்கணக்கில விட்டா அதுவே கறைக்கு மூலமாப் போயிடும். எப்பிடியும் ஒயில் விட்ட நாள் கழிவுத் துணியில கொஞ்ச நேரம் தைச்சுப்போட்டுத்தான் நல்ல துணியைத் தொடுங்கோ, ஒயில் விடுறதை ராவில படுக்க முதல் செய்து பழகினா இன்னும் நல்லம், மிச்சம் ராவோட ராவா வழிஞ்சிடும்.

விழுந்த கறைக்கு: தண்ணி படுத்த முதல் முகத்துக்குப் போடுற பவுடரைக் கறை மேல தடிப்பாப் போட்டு விடுங்கோ, ஒயிலை உறிஞ்சும், தட்டிப்போட்டு சட்டிபானை கழுவுற திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால தேய்ச்சுக் கழுவுங்கோ. நிறமில்லாத மெசின் ஒயில் எண்டா போயிடும். கறுத்த ஒயில், கறளோட கலந்த ஒயில் எண்டா போகாது, அந்தத் துண்டை மாத்தி வெட்டுறதுதான் வழி. அயன் பண்ணிப் பாப்பம் எண்டு மட்டும் சூடு காட்டாதேங்கோ.

கறள் புள்ளி வருது

மரைன் ட்ரைவ் பக்கம், பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கடல் பக்க ஃப்ளாட்டுகளில இருக்கிற ஆக்களுக்கு இது விடாத தொல்லை. கடல் காத்தில வாற உப்புத் தூள் இரும்பில படியுது, காத்தின்ட ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினா உப்பு தானாத் தண்ணியை இழுத்துக் கரையும், கொழும்பில கனநாள் அதுக்கு மேலதான். அப்ப மழை படாட்டியும், ஆரும் தண்ணி ஊத்தாட்டியும், மெசின் உப்புத் தண்ணியிலதான் நிக்குது. மே மாசம் தென்மேற்கு மழை தொடங்கினா இன்னும் மோசம்.

இஞ்சதான் மெல்லிய ஒயில்ட குறை தெரியும். விஜி 7 மாதிரி ஒயில் ஓடுற மெசினுக்கு நல்லம், நிப்பாட்டி வச்ச மெசின்ட வெளிப் பாகத்தில நிக்காது, வழிஞ்சு போயிடும். ஒரு கிழமைக்கு மேல தைக்காம விடப்போறீங்க எண்டா நிக்கல் பூசின பாகங்கள், ஊசித் தட்டு, துணியை அமத்திற ஃபுட், ஊசித்தண்டு, கைச்சில்லின்ட விளிம்பு, இதெல்லாத்தையும் முதல்ல சுத்தமான துணியால துடைச்சு உப்பை எடுத்துப்போட்டு, கொஞ்சம் தடிச்ச ஒயிலைத் துணியில நனைச்சு மெல்லிசாப் பூசுங்கோ. கறள் தடுப்பு சேத்த ஒயில் இருந்தா இந்த வேலைக்கு அதுதான், முதல்ல சொன்ன துவக்கு எண்ணெய்க்கும் ஒரு வேலை இருக்கு எண்டா இதுதான். திரும்பத் தைக்கத் தொடங்க முதல் துடைச்சு எடுக்க மறக்காதேங்கோ.

பிளாஸ்ரிக் உறை போட்டு இறுக்கி மூடாதேங்கோ, உள்ளுக்க ஈரம் அடைபடும், பருத்தித் துணியால மூடுங்கோ. மரப்பெட்டி உறை எண்டா உள்ளுக்க சிலிக்கா ஜெல் பக்கெற் ஒண்டு ரெண்டு போடலாம். வந்த கறளை உப்புத்தாளால தேய்க்காதேங்கோ, நிக்கலும் சேந்து போகும், மெல்லிய உருக்குப் பஞ்சில ஒயில் தொட்டு மெதுவாத் தேய்ச்சாக் காணும். கறள் பிடிச்ச ஊசியைத் தேய்க்கிற வேலையே வேண்டாம், எறிஞ்சு போடுங்கோ.

ஜூக்கியில கண்ணாடிக்குள்ள ஒயில் தெறிக்கேல்லை

1978ல கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கின காலத்தில இருந்து கார்மென்ட் மெசின் எங்கட நாட்டில பெருகி, பழசானதுகள் மேசையோட வீடுகளுக்கும் சின்ன தையல்கடைகளுக்கும் வருது. இதுகளில நீங்க சொட்டுச் சொட்டா விடுற வேலை இல்லை, அடியில இருக்கிற தட்டத்தில ஒயில் நிரப்பினா பம்ப் ஒண்டு மேல ஏத்தும், மேல இருக்கிற சின்னக் கண்ணாடி யன்னலுக்குள்ள ஒயில் தெறிக்கிறது தெரியும். டிடிஎல்-8700 நிமிசத்துக்கு 5,500 தையல் வரைக்கும் ஓடுற மெசின், கண்ணாடியில தெறிப்பு இல்லாம ஓட்டினா கெதியாச் சூடாகித் தேய்ஞ்சு போகும், அதால தெறிக்கேல்லை எண்டு கண்டவுடனே நிப்பாட்டுங்கோ.

தலையைச் சாய்ச்சுத் தட்டத்தைப் பாருங்கோ. மேல் கோடு, கீழ் கோடு எண்டு ரெண்டு குறி இருக்கும், கீழ் கோட்டுக்குக் கீழ போயிருந்தா மேல் கோடு மட்டும் நிரப்புங்கோ, அதுக்கு மேல போனா அடியில ஒழுகும். ஒயில் போதிய அளவு இருந்தும் ஏறேல்லை எண்டா பம்ப் உறிஞ்சிற இடத்தில இருக்கிற வலை பஞ்சால அடைச்சிருக்கும். தேத்தண்ணி நிறத்துக்கு வந்த ஒயிலுக்கு மேல புது ஒயில் ஊத்தாதேங்கோ, முழுக்க எடுத்துத் தட்டத்தைத் துடைச்சுப்போட்டு நிரப்புங்கோ. வீட்டு மெசினுக்கு வாங்கின சின்னப் போத்தல் ஒயிலை இதுக்கு ஊத்துற ஆக்களும் இருக்கினம், பாக்க ஒண்டு மாதிரித்தான் இருக்கும், ஆனா தடிப்பு ரெண்டு மூண்டு மடங்கா இருக்கலாம், போத்தலில விஜி 7 எண்டு இருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ. ஓவர்லொக் மெசினுக்கு வேற இலக்கம் வரும், அதின்ட புத்தகத்தைப் பாருங்கோ.

இந்த மெசினில ஷட்டிலுக்குப் பதிலா அடியில ஒரு கொக்கி சுழலும், அது ஒயில் தெறிக்கிற அளவைப் பாக்க நல்ல சோதனை ஒண்டு இருக்கு. மெசின் குளிராக் கிடந்தா முதல்ல மூண்டு நிமிசம் சும்மா ஓட்டுங்கோ. மேல் நூலையும் பொபின் கேஸையும் எடுத்து, ஃபுட்டைத் தூக்கி வச்சு, சுழலுற கொக்கிக்குக் கீழ 3 தொடக்கம் 10 மில்லிமீற்றர் தள்ளி ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடிச்சு 5 செக்கன் ஓட்டுங்கோ, விரல் கொக்கியில படாம. கடதாசியில மெல்லிசா ஒரு கோடு விழுந்தாச் சரி, பட்டையா நனைஞ்சா ஒயில் கூடிப்போச்சு, ஒண்டும் விழேல்லை எண்டா கொக்கி காய்ஞ்சுபோய் ஓடுது. கொக்கித் தண்டின்ட முன் முனையில ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கு, கூட்டல் குறிப் பக்கம் திருப்பினா ஒயில் கூடும், கழித்தல் பக்கம் குறையும், கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் திரும்பச் சோதியுங்கோ. வெள்ளைத் துணி தைக்கிறன் எண்டு முழுக்கப் பூட்டின மெசினுகளையும் கண்டிருக்கிறன், கறை நிண்டுதான் இருந்தது, கொக்கியும் நீலமாச் சூடேறித்தான் இருந்தது.

மோட்டர் எரியிற மணம், பெல்ட் வழுக்குது

ரெண்டும் ஒயில் போகக்கூடாத இடத்துக்குப் போனதால வாறது. பக்கத்தில பூட்டுற சின்ன மோட்டரில கார்பன் பிரஷ் இருக்கு, அதில ஒயில் பட்டா பொறி பறக்கும், மணக்கும், கரி அப்பும். மோட்டர் சத்தம் போடுது எண்டு அதுக்குள்ள ஒயில் விடாதேங்கோ, பிரஷ் தேய்ஞ்சிருந்தா மாத்துறது மலிவான வேலை. ரப்பர் பெல்ட்டில ஒயில் பட்டா ஊதி நீளும், பிறகு எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் வழுக்கும், மாத்துங்கோ. தோல் பெல்ட் எண்டா கழட்டி ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு, நீண்டிருந்தா ஒரு துண்டு வெட்டிக் கம்பியால திரும்பக் கொளுவலாம். நூல் போற தட்டு, அதுதான் இறுக்கம் கூட்டிக் குறைக்கிற ரெண்டு வட்டத் தகடு, அதுக்குள்ளயும் ஒயில் வேண்டாம்.

தையல் விடுது, அடியில நூல் சிக்குது

இதுக்கும் ஒயிலுக்கும் சம்பந்தம் இல்லை. தையல் விட்டா ஊசியை மாத்துங்கோ, அதுக்குப் பிறகும் விட்டா ஊசி முழுக்க மேல ஏறிப் பூட்டியிருக்கோ, தட்டைப் பக்கம் சரியோ எண்டு பாருங்கோ. அடியில கூடு கட்டினா மேல் நூல் இறுக்கத் தகட்டுக்க போகேல்லை, ஃபுட்டைத் தூக்கிப்போட்டு முதல்ல இருந்து நூல் கோத்தா கனக்கச் சரியாகும். நூல் ஒரே இடத்தில அறுபட்டா கொக்கி முனையில பிசிர் இருக்கு, மெசின் திருத்துற பாஸிட்டக் குடுத்துத் தேய்ச்சு எடுக்கவேணும்.

புது டிஜிட்டல் மெசின், கீழ ஒயில் ஓட்டையே காணேல்லை

சிங்கர் 1877ல இலங்கைக்கு வந்த காலத்து இரும்பு மெசினுக்கும் இப்ப வாற வெள்ளைப் பிளாஸ்ரிக் மெசினுக்கும் ஒயில் விசயத்தில பெரிய வித்தியாசம் இருக்கு. இப்ப வாற கன மெசினில தண்டு ஓடுற புஷ், ஒயிலை உள்ளுக்க ஊற வச்ச வெண்கலத் தூளால அழுத்திச் செய்தது, சூடாகேக்க தானாக் கசிஞ்சு குளிரேக்க தானாத் திரும்ப உறிஞ்சும். அதுக்கு வெளியில இருந்து மண்ணெண்ணெய், டபிள்யூடி-40 அடிச்சீங்க எண்டா ஊற வச்ச ஒயிலைக் கழுவி எடுத்துடுவீங்க, திரும்ப ஊற வைக்க வீட்டில வழி இல்லை. பல்சில்லு நைலோன், அதுக்கு வெள்ளைக் கிறீஸ்தான், அதையும் மூடியைத் திறந்துதான் வைக்கவேணும். மேல இருந்து போடுற பிளாஸ்ரிக் பொபின் கேஸுக்கு ஒரு சொட்டும் வேண்டாம், புத்தகத்தில கொக்கியின்ட நடுவில இருக்கிற திரிக்கு ஒரு சொட்டு எண்டு எழுதியிருந்தா அது மட்டும். இந்தச் சாதி மெசின் கத்தத் தொடங்கினா பஞ்சைச் சுத்தம் செய்து ஊசியை மாத்திப் பாருங்கோ, அதுக்கும் நிக்காட்டி உள்ளுக்க கிறீஸ் காய்ஞ்சிருக்கு, சேவிஸுக்குக் குடுங்கோ, குடுக்கேக்க என்ன கிறீஸ் வைக்கிறீங்க எண்டு கேட்டுப்போட்டுக் குடுங்கோ, லொறி பெயரிங்குக்கு வைக்கிற மண்ணிறக் கிறீஸை அப்பித் தந்த ஆக்களும் இருக்கினம்.